இயந்திரத்துக்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடுங்கள்

2012 ஆகஸ்ட் 1, புதன்கிழமை. நியூயார்க் பங்குச்சந்தை காலை 9.30 மணிக்குத் திறந்தது. வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த 212 சின்ன ஆர்டர்களை நிறைவேற்றப் போன நைட் கேபிடல் நிறுவனத்தின் கணினிகள், அடுத்த 45 நிமிடங்களில் 154 பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகளைச் செய்து முடித்திருந்தன. கைமாறிய பங்குகள் 39.7 கோடிக்கும் மேல். நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல். ஒரு வருடத்துக்குள் அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து தன் தனி இருப்பை இழந்தது. என்ன நடந்தது என்பதை அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்இசி 2013 அக்டோபரில் வெளியிட்ட ஆணையில் விரிவாக எழுதிவைத்திருக்கிறது. மென்பொருள் துறைக்கு வர நினைக்கும் எவரும் பாடப்புத்தகத்துக்கு முன்பு படிக்க வேண்டிய ஆவணம் அது. ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்பும் மென்பொருள் எட்டு சர்வர்களில் ஓடியது. புதிய கோடை (நிரலை) ஜூலை 27 முதல் நாளுக்குச் சில சர்வர்களாக ஏற்றினார்கள். ஏற்றிய ஊழியர் எட்டில் ஒன்றை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு எதுவும் அங்கே எழுத்தில் இல்லை.

விடுபட்ட அந்த ஒரு சர்வரில் ‘பவர் பெக்’ என்ற பழைய வசதியின் கோடு இருந்தது. 2003-லேயே பயன்பாட்டிலிருந்து போய்விட்டது. ஆனால் யாரும் அழிக்கவில்லை. ஒரு ஆர்டருக்கு எத்தனை பங்கு வாங்கியாகிவிட்டது என்று எண்ணி, போதும் என்றதும் நிறுத்தும் பகுதியை 2005-இல் வேறிடத்துக்கு நகர்த்தினார்கள். அதன்பிறகு பவர் பெக் ஒழுங்காக நிற்கிறதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஓடாத கோடுக்கு எதற்குச் சோதனை? 2012-இல் புதிய வசதியை இயக்குவதற்கு, முன்பு பவர் பெக்கை இயக்கிய அதே அடையாளக் குறியை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். ஏழு சர்வர்களுக்கு அந்தக் குறியின் பொருள் புதியது. எட்டாவதற்கு மட்டும் பழையது. அது விழித்துக்கொண்டு ஆர்டர் அனுப்பத் தொடங்கியது. நிறுத்துவதற்கான எண்ணிக்கை அதற்கு எட்டவே இல்லை. பதற்றத்தில் பொறியாளர்கள் செய்த காரியம் அதைவிட விபரீதம்: புதிய கோடுதான் குற்றவாளி என்று நினைத்து, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்து அதை நீக்கினார்கள். இப்போது எட்டிலும் பவர் பெக்.

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் எடுக்கும் பாடம் ஒன்றுதான்: கையால் ஏற்றினால் இப்படித்தான், இயந்திரத்திடம் கொடுங்கள். இன்று டெவ்ஆப்ஸ் என்ற பெயரில் வகுப்பு எடுக்கும் அநேகமாக எல்லாப் பயிற்சி மையங்களும் இந்தப் பாடத்தைத்தான் விற்கின்றன. கோடு எழுதியவுடன் தானாகப் பில்ட் ஆக வேண்டும், தானாக டெஸ்ட் ஓட வேண்டும், தானாக சர்வருக்குப் போக வேண்டும்; இந்தத் தொடருக்குத்தான் ‘பைப்லைன்’ என்று பெயர். தவறில்லை. ஆனால் இது பாதிப் பாடம். எட்டு சர்வருக்கும் ஒரே நொடியில் ஏற்றும் ஸ்கிரிப்ட் நைட் கேபிடலிடம் இருந்திருந்தால் அன்றைய விபத்து நடந்திருக்காது. ஆனால் ஒன்பது வருடம் அழிக்கப்படாமல் கிடந்த கோடும், மறுபடி பயன்படுத்தப்பட்ட குறியும், சோதிக்கப்படாத எண்ணிக்கையும் அங்கேயே இருந்திருக்கும். அந்த நிறுவனத்தில் இல்லாமல் போனது கை வேகம் மட்டும் அல்ல. ‘எட்டிலும் இருப்பது ஒன்றுதானா?’ என்று கேட்க யாரும் இல்லை, எதுவும் இல்லை. மென்பொருள் தானியக்கத்தைக் கற்பது என்றால் இப்படிப்பட்ட கேள்விகளைக் கண்டுபிடித்து, மறக்காத ஓர் இயந்திரத்திடம் ஒப்படைக்கக் கற்பது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். வேலையை ஒப்படைப்பது சுலபம். சந்தேகத்தை ஒப்படைப்பதுதான் கலை. அதைத்தான் நம் வகுப்பறைகள் கடைசிக்குத் தள்ளுகின்றன, அல்லது தொடுவதே இல்லை.

இந்தத் துறையின் தொடக்கமே ஒரு சந்தேகத்தில்தான் இருக்கிறது. 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்ற நிரலாளர் ஒரு முழுக் காலைப் பொழுதைப் பிழை தேடியே வீணாக்கினார். பிழையை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டார். திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்திருந்தார். ஓடிக்கொண்டிருந்தது பழையது. அவர் சபித்துக்கொண்டு வந்து நின்றது ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனின் அறையில். ஃபெல்ட்மேன் அதற்குத் தீர்வாக எழுதியதுதான் ‘மேக்’. எல்லாக் கோப்புகளையும் வரிசையாகக் கம்பைல் செய்யும் ஸ்கிரிப்டை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். மேக் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு கோப்பிடமும் அது ஒரே கேள்வி கேட்கிறது: உன்னைப் பெற்ற மூலக் கோப்பு உன்னைவிடப் புதியதா? ஆம் என்றால் மட்டும் வேலை. ஜான்சன் அன்று காலை தன்னிடமே கேட்டுக்கொள்ளத் தவறிய கேள்வி, இயந்திரத்துக்குக் குடிபெயர்ந்தது. (மேக் கோப்பில் கட்டளை வரியை ‘டேப்’ விசையில்தான் தொடங்க வேண்டும், இடைவெளி விட்டால் ஏற்காது. இது தொல்லை என்று ஃபெல்ட்மேனுக்கு அப்போதே புரிந்தது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்த ஒரு டஜன் பேருக்காக அரை நூற்றாண்டாக உலகமே டேப் தட்டிக்கொண்டிருக்கிறது.)

அடுத்த கட்டமும் இதே மாதிரிதான். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்த கோஸுகே கவாகுச்சி, தன் கோடு குழுவின் பில்டை உடைத்துவிடுவதும் சக ஊழியர்களின் கோபத்துக்கு ஆளாவதும் சலித்துப்போய், மற்றவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பு தனக்குச் சொல்லிவிடும் ஒரு கருவியை எழுதினார். ‘ஹட்சன்’ என்று பிறந்து, ஆரக்கிளோடு ஏற்பட்ட தகராறுக்குப் பிறகு 2011-இல் ‘ஜென்கின்ஸ்’ ஆனது அது. 2009 ஜூனில் ஃபிளிக்கர் நிறுவனத்தின் ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும் ஒரு மாநாட்டு மேடையில் ஒன்றாக நின்று, தாங்கள் ஒரு நாளில் பத்து முறைக்கு மேல் புதிய கோடை வெளியிடுவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் மாதத்துக்கு ஒருமுறை, நள்ளிரவில், பயந்து பயந்து வெளியிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒருவர் சர்வர்களைக் காப்பவர், மற்றவர் கோடு எழுதுபவர். அலுவலகங்களில் கீரியும் பாம்புமாக இருந்த இரண்டு பிரிவுகள் ஒரே மேடையில் நின்றதுதான் பலருக்குச் செய்தியாகப்பட்டது. அந்த உரையால் தூண்டப்பட்டு பேட்ரிக் டெபுவா அதே வருடம் அக்டோபரில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடத்திய கூட்டத்தின் பெயரிலிருந்துதான் டெவ்ஆப்ஸ் என்ற சொல்லே பரவியது. அவர்கள் சொன்னதில் வேகத்தைவிட முக்கியமானது அளவு. பத்து வரி மாற்றத்தை வெளியிட்டு ஏதாவது உடைந்தால், தேட வேண்டியது பத்து வரி. மூன்று மாத வேலையை ஒரே மூட்டையாக வெளியிட்டால், எதைச் சந்தேகப்படுவது?

சந்தேகத்தைக் கோடாக எழுதுவது எப்படியிருக்கும் என்பதைத் தமிழிலேயே பார்க்கலாம். ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும் சிறு செயல்பாட்டை மாணவர் ஒருவர் பைத்தானில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘தமிழ்’ என்று கொடுத்தால் பைத்தானின் நீளம் காணும் கட்டளை 5 என்கிறது. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி: யூனிகோடில் இவை ஐந்து குறிகள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை 3 என்று சொல்லும். இப்போது அந்த மாணவரிடம் டெஸ்ட் எழுதச் சொன்னால், பெரும்பாலும் என்ன நடக்கும்? கோடை ஓட்டிப் பார்த்து, வந்த விடையை எடுத்து, ‘எதிர்பார்க்கும் விடை 5’ என்று எழுதிவைப்பார். டெஸ்ட் பாஸ். பைப்லைன் பச்சை. ஒவ்வொரு முறை யாராவது கோடைத் திருத்தும்போதும் இயந்திரம் அக்கறையாக அந்தத் தவறான விடையைக் காவல் காக்கும்; நாளைக்கு ஒருவர் அதை 3 என்று சரிசெய்தால், ‘உடைத்துவிட்டாய்’ என்று சிவப்பு விளக்கு காட்டும். இங்கே ஜென்கின்ஸ் இருக்கிறது, தானியக்கம் இருக்கிறது, டெஸ்ட்டும் இருக்கிறது. சந்தேகம் மட்டும் இல்லை.

இன்னொரு படி உள்ளே போனால் ‘கோ’. இதைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே துண்டாகச் சேர்க்கலாம், அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. பட்டியலில் ஒரு விதமாக ஏறிய ‘கோமதி’யை இன்னொரு விதமாகத் தட்டித் தேடினால், ‘அப்படி யாரும் இல்லை’ என்று பதில் வரும். இந்தப் பிழையைத் தமிழ் தெரியாத ஒருவரின் டெஸ்ட் பிடிக்காது. பைப்லைன் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் பிடிக்காது. எங்கே தவறு ஒளிந்திருக்கும் என்ற அறிவு, பொருளைப் பழகியவரிடம் இருக்கிறது. தானியக்கத்தின் தரம் அந்த அறிவில் எவ்வளவு டெஸ்ட்டாக மாறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கருவிகளின் பெயர்கள் அதற்குப் பிறகுதான்.

முதல் மறுப்பு இங்கே எழும். இயந்திரத்திடம் கொடுத்தால் தவறும் இயந்திர வேகத்தில்தானே பரவும்? நியாயமான கேள்வி, 2024 ஜூலை 19 அதற்குச் சாட்சி. இந்திய நேரம் காலை 9.39-க்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு சிறு கோப்பை உலகெங்கும் தானாக அனுப்பியது. 10.57-க்குத் திரும்பப் பெற்றுவிட்டது. அந்த 78 நிமிடங்களே போதுமானவையாக இருந்தன: மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு விழுந்தன. விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகள் திணறின, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். தானாகப் போனதைத் தானாகத் திரும்ப எடுக்கவும் முடியவில்லை. கணினியே எழவில்லையே! ஊழியர்கள் பல இடங்களில் ஒவ்வொரு கணினியாகப் பாதுகாப்பு முறையில் திறந்து, அந்தக் கோப்பைக் கையால் அழித்தார்கள்.

ஆனால் அந்த நிறுவனமே வெளியிட்ட ஆய்வறிக்கையைப் படித்தால், குற்றவாளி வேகம் அல்ல என்று தெரியும். கோப்பின் வடிவம் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. அதைப் படிக்கும் கோடு 20-ஐத்தான் கொடுத்தது. அதுவரை போன கோப்புகளில் 21-ஆவது இடத்தில் ‘எதுவானாலும் சரி’ என்ற குறி இருந்ததால் அதை யாரும் எட்டிப் பார்க்க நேரவில்லை. சோதனைகளிலும் அதே குறிதான். அன்றைக்குப் போன கோப்பு முதன்முறையாக அந்த இடத்தை உண்மையிலேயே கேட்டது. இல்லாத நினைவகத்தைப் படிக்கப் போய்க் கணினி விழுந்தது. கோப்புகளைச் சரிபார்க்க ஒரு தானியங்கிக் கருவி இருந்தது. அதுவும் 21 உள்ளீடு வந்துவிடும் என்றே நம்பியது. எழுதியவரின் நம்பிக்கையையே சரிபார்ப்பவரும் வைத்திருந்தால் அது சரிபார்ப்பா? இன்னொன்று: முக்கிய மென்பொருளின் புதிய பதிப்புகளை ஒரு பதிப்பு பின்தங்கி எடுத்துக்கொள்ளும் உரிமை வாடிக்கையாளர்களுக்கு இருந்தது, இந்தச் சிறு கோப்புகளுக்கு மட்டும் அது இல்லை, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. முதலில் நூறு கணினிக்கு அனுப்பி, அவை உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்து, பிறகு ஆயிரம் என்று படிப்படியாகப் போகும் முறை உலகத்துக்குப் புதிதல்ல. விபத்துக்குப் பிறகு அந்த நிறுவனமும் அதைத்தான் ஏற்றுக்கொண்டது. ஆக, கையால் ஏற்றிய நைட் கேபிடலும் தானாக அனுப்பிய கிரவுட்ஸ்டிரைக்கும் எதிரெதிர் முனைகள் போலத் தெரிந்தாலும், இரண்டிலும் விடுபட்டது ஒன்றுதான்: கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி கேட்டால் மட்டும் போதாது, பதில் ஒரு மனிதர் காதில் விழ வேண்டும் என்பதற்கு 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது உதாரணம். இரவு நேரம், ஒரு பொறியாளர் துணை டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக நினைத்து, முதன்மை சர்வரின் கோப்புறையை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிச்சம். சரி, பேக்கப் இருக்குமே? இருந்தது, காகிதத்தில். தினமும் தானாக ஓட வேண்டிய பேக்கப், டேட்டாபேஸின் பதிப்புக்குப் பொருந்தாத பழைய பதிப்புக் கருவியால் ஓடி, ஓடி, ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போயின. அவற்றில் தேவையான கையொப்பம் இல்லாததால், பெறும் பக்கத்து மெயில் சர்வர் அவற்றைத் திருப்பித் தள்ளியது. கடைசியில் காப்பாற்றியது, வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு அதே பொறியாளர் தற்செயலாகக் கையால் எடுத்துவைத்த ஒரு நகல். அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். கிட்லேப் இது அத்தனையையும் மறைக்காமல் எழுதியது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டியது. நைட் கேபிடலிலும் அன்று காலை சந்தை திறப்பதற்கு முன்பே 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ‘பவர் பெக்’ என்ற பெயரைச் சொல்லி ஊழியர்களுக்கு வந்திருந்தன. எச்சரிக்கை என்று யாரும் அவற்றை வடிவமைக்கவில்லை, அதனால் யாரும் எச்சரிக்கையாகப் படிக்கவும் இல்லை. ஒரு பேக்கப்பிலிருந்து உண்மையில் மீட்டெடுத்துப் பார்க்காதவரை அது பேக்கப் ஆகாது என்பது இந்தத் தொழிலில் பழுத்தவர்கள் எல்லோரும் சொல்வது. மீட்டெடுத்துப் பார்ப்பதையும் தானாக ஓட வைக்கிறவர்கள்தான் குறைவு.

இப்படி விபத்துகளாக அடுக்கினால், ‘அடிக்கடி வெளியிடுவதே ஆபத்து, மெதுவாகப் போவோம்’ என்று மேலாளர்கள் சொல்லக்கூடும். நிகோல் ஃபோர்ஸ்கிரன், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூவரும் பல வருடக் கணக்கெடுப்புகளை வைத்து 2018-இல் எழுதிய ‘ஆக்ஸிலரேட்’ நூலின் முடிவு இதற்கு நேரெதிர்: அடிக்கடி வெளியிடும் குழுக்களில்தான் வெளியீடுகள் குறைவாக உடைகின்றன, உடைந்தாலும் சீக்கிரம் எழுகின்றன. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் பேரமே இல்லை என்கிறார்கள். கணக்கெடுப்பில் குழுக்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னதுதானே என்ற விமர்சனம் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் காரணம் விளங்கும்போது கணக்கின்மேல் நம்பிக்கை கூடுகிறது: சின்ன மாற்றம், சின்னச் சந்தேகம், சீக்கிரம் பதில். இது வலைத்தளக்காரர்களுக்குத்தான் சரிவரும், கருவிக்குள் புதைந்த மென்பொருளுக்கு வராது என்பவர்களுக்கு ஹெச்பி நிறுவனத்தின் லேசர்ஜெட் பிரிவு பதில். பிரின்டருக்குள் இருக்கும் மென்பொருளை முழுதாகச் சோதிக்க அங்கே ஆறு வாரம் ஆகிக்கொண்டிருந்தது. பிரின்டரைப் போலவே நடிக்கும் மென்பொருளை எழுதி, அதன்மேல் சோதனைகளைத் தானாக ஓடவிட்டு, அதை ஒரு நாளாகக் குறைத்தார்கள். வேகமாக வெளியிடுவதற்காக அவர்கள் சோதனையைக் குறைக்கவில்லை. சோதனையைப் பெருக்கியதால்தான் வேகம் வந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு பாதுகாப்பைப் பற்றியது. ஒரு நிறுவனத்தின் பைப்லைனுக்கு மூலக் கோடும் தெரியும், சர்வர்களின் கடவுச்சொற்களும் தெரியும், டிஜிட்டல் கையொப்பமும் அதன் கையில். ஊரிலுள்ள எல்லா வீட்டுச் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டிவைத்த மாதிரி. 2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் விவகாரத்தில் ஊடுருவியவர்கள் மூலக் கோடு சேமிப்பில் கை வைக்கவே இல்லை. பில்ட் சர்வரில் ஒரு நிரலைப் பதுக்கினார்கள். பில்ட் தொடங்குகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். தொடங்கியதும் ஒரு கோப்பை மாற்றிவைக்கும். முடிந்ததும் பழையதைத் திரும்ப வைத்துவிடும். கோடைப் படித்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. நிறுவனத்தின் சொந்தக் கையொப்பத்தோடு வெளியான அந்தப் பதிப்பு சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை போய்ச் சேர்ந்தது. இதை வைத்து, தானியக்கம் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் பழைய காலத்துக்குத் திரும்ப வழியில்லை. டெபியன் போன்ற கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் நெடுங்காலமாக முயன்றுவரும் ஒரு வழி இருக்கிறது: ஒரே மூலக் கோடை, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களில் பில்ட் செய்து, பிறக்கும் கோப்புகளை பிட் பிட்டாக ஒப்பிடுவது. ஒன்றில் யாராவது கை வைத்திருந்தால் இரண்டும் பொருந்தாது. சொல்வதற்கு எளிது. பில்டுக்குள் நுழையும் தேதி, கோப்புகளின் வரிசை, கணினியின் பெயர் என்று ஒவ்வொரு சில்லறை வேறுபாட்டையும் துரத்தி ஒழித்தால்தான் நேர்மையான இரண்டு பில்டுகளே பொருந்தும். அந்தச் சலிப்பான வேலையை வருடக்கணக்கில் செய்துவருகிறார்கள். பைப்லைனையே சந்தேகப்படும் இன்னொரு பைப்லைன் அது.

எல்லாவற்றையும் இயந்திரம் செய்தால் மனிதருக்குக் கை மறந்துபோகாதா? லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளை மனதில் வைத்து 1983-இலேயே ஒரு கட்டுரையில் இதைக் கேட்டுவிட்டார். எளிதானதையெல்லாம் தானியக்கம் எடுத்துக்கொண்டு, மிகக் கடினமான, மிக அரிதான நிலைமைகளை மட்டும் மனிதரிடம் விடுகிறது. பழக்கம் விட்டுப்போன கையோடு அவர் அதைச் சமாளிக்க வேண்டும். இதற்கு முழுத் தீர்வு இருப்பதாகத் தோன்றவில்லை. நெட்ஃபிளிக்ஸ் கண்ட வழி துணிச்சலானது: ‘கேயாஸ் மங்கி’ என்ற நிரல் அலுவலக நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களில் ஒன்றைத் தோராயமாக அணைத்துவிடும். நள்ளிரவில் ஒருநாள் எப்படியும் விழப்போகும் சர்வர், எல்லோரும் விழித்திருக்கும் பகலில் விழட்டும் என்பது கணக்கு. எல்லா நிறுவனத்துக்கும் இந்தத் துணிச்சல் தேவையில்லை, வங்கியில் செய்யவும் விடமாட்டார்கள். சோதனைச் சர்வரில் மாதம் ஒருமுறை செய்யலாமே.

சென்னையின் ஐடி சேவை நிறுவனங்களில் திரையைப் பார்த்துக் கையால் டெஸ்ட் செய்யும் வேலைதான் பலருக்கு முதல் வாசலாக இருந்தது. அந்த வாசல் குறுகுகிறது. இதை மழுப்புவதில் பயனில்லை. ஒரே படிவத்தை நூறு முறை நிரப்பிப் பார்க்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். அதே சமயம், பத்து வருடம் ஒரு காப்பீட்டு மென்பொருளையோ வங்கி மென்பொருளையோ சோதித்தவருக்கு எங்கே உடையும் என்று தெரியும்: பிப்ரவரி 29, இனிஷியல் இல்லாத பெயர், ஒரே வீட்டு முகவரியில் இரண்டு கணக்கு. ஒரு பைப்லைனுக்கு இல்லாத சரக்கு அது. அதைக் கோடாக எழுத அவர் கற்க வேண்டும்; கற்கும் அவகாசத்தை நிறுவனம் தர வேண்டும். இரண்டாவது நடப்பதில்லை என்பதுதான் குறை. அனுபவமுள்ள டெஸ்டரை அனுப்பிவிட்டு, டெஸ்ட் கருவி தெரிந்த புதியவரை எடுக்கும் நிறுவனம், சந்தேகத்தை வெளியே அனுப்பிவிட்டுக் கருவியை உள்ளே எடுக்கிறது.

ஏஐ இருக்கும்போது இதையெல்லாம் ஏன் கற்க வேண்டும் என்ற கேள்வி இன்று வகுப்பறையிலேயே எழுகிறது. பைப்லைன் கோப்பை ஏஐ சில நொடிகளில் எழுதித்தருகிறது, பெரும்பாலும் ஓடவும் செய்கிறது. மேக்கின் டேப்பையும் அது மறப்பதில்லை. ஆனால் ‘ஆக்ஸிலரேட்’ நூலுக்கு அடிப்படையான அதே ஆய்வு மரபில் வந்த 2024-ஆம் வருட டோரா அறிக்கை, ஏஐ பயன்பாடு 25 சதவீதம் கூடும் இடத்தில் வெளியீட்டின் நிலைத்தன்மை சுமார் 7.2 சதவீதம் குறையக்கூடும் என்று மதிப்பிட்டது. ஒரேயடியாக அதிகக் கோடு உருவாகி, மாற்றத்தின் அளவு பெருத்துவிடுவது காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். பத்து வரி என்ற ஃபிளிக்கர் பாடம் தலைகீழாகிறது. அதைவிட எனக்குக் கவலையாகப்படுவது வேறு. கோடை எழுதிய அதே ஏஐயிடம் டெஸ்ட்டையும் எழுதச் சொல்வது இப்போது சர்வசாதாரணம். கோடில் இருந்த நம்பிக்கைதான் டெஸ்ட்டிலும் வரும்: ‘தமிழ்’ என்றால் 5, உள்ளீடு என்றால் 21. எது சரி என்று வெளியிலிருந்து சொல்ல ஒருவர் வேண்டும். ஏஐ காலத்தில் அந்த ஒருவரின் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

அப்படியானால் எப்படிக் கற்பது? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் டெவ்ஆப்ஸ் ஒரு விருப்பப் பாடமாக இருக்கிறது. பொறியியல் கல்லூரிகளில் இது நுழைந்ததே நல்ல செய்தி. ஆனால் அலகுகளைப் பாருங்கள்: மேவன், கிரேடில், ஜென்கின்ஸ், ஆன்சிபிள், அஸூர். கருவிகளின் வரிசை. தேர்வு முடிவதற்குள் இவற்றில் பாதியின் திரைகள் மாறியிருக்கும். கருவி தெரியாமல் வேலை கிடைக்காது, நேர்முகத் தேர்வில் கேட்கிறார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது உண்மை. கருவியைக் கற்பிக்க வேண்டாம் என்பது என் வாதமும் அல்ல. வரிசையை மாற்றலாம் என்பதே. ஒரு சின்ன மென்பொருளை முதலில் மாணவர் கையால் பில்ட் செய்து, கையால் சர்வரில் ஏற்றட்டும். ஒவ்வொரு படியையும் எழுதட்டும். எழுதியதை வைத்து இன்னொரு மாணவர், கேள்வி எதுவும் கேட்காமல், புதுக் கணினியில் ஏற்ற வேண்டும். அநேகமாக ஏறாது. எழுதியவர் தன் கணினியில் எப்போதோ நிறுவி மறந்துபோன ஏதோ ஒன்று விடுபட்டிருக்கும். ஜான்சனின் காலைப் பொழுதை அவர் அரை மணி நேரத்தில் அனுபவித்துவிடுவார். ஸ்கிரிப்ட் எழுதும் நேரம் அதற்குப் பிறகு. திரும்பிப் போகும் வழியையும் அதே வாரத்தில் எழுத வேண்டும்: புதிய பதிப்பு உடைந்தால் பழைய பதிப்பு எத்தனை நிமிடத்தில் திரும்ப ஓடும் என்பதைக் கடிகாரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். எட்சி நிறுவனத்தில் புதிதாகச் சேரும் பொறியாளர் முதல் நாளே தன் புகைப்படத்தை நிறுவனத்தின் பக்கத்தில் சேர்த்து நேரடியாக வெளியிடும் வழக்கம் இருந்தது. முதல் நாள் ஆளை நம்பி அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், தவறினால் உடனே தெரியும், உடனே திரும்பலாம் என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருந்ததுதான்.

செய்முறைத் தேர்வையும் மாற்றிப் பார்க்கலாம். இப்போது கேட்பது, ‘ஜென்கின்ஸில் ஒரு பைப்லைன் அமைத்துக் காட்டு’. அதற்குப் பதிலாக எல்லாப் படியும் பச்சையாக ஓடும் ஒரு பைப்லைனையும், அதிலிருந்து வெளியான, உண்மையில் உடைந்துகிடக்கும் ஒரு மென்பொருளையும் மாணவர் கையில் கொடுக்கலாம். எந்தக் கேள்வி கேட்கப்படாமல் இது கடந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கேள்வியை டெஸ்ட்டாக எழுதி, பைப்லைனைச் சிவப்பாக்க வேண்டும். பிறகு மென்பொருளைத் திருத்திப் பச்சையாக்க வேண்டும். சிவப்பாக்கியதற்கு ஐம்பது மதிப்பெண், பச்சையாக்கியதற்கு இருபது என்று வைத்தால் தப்பில்லை. இதற்குத் தேவையான மென்பொருள்கள் எல்லாம் இலவசம், கல்லூரி ஆய்வகத்தின் பழைய கணினிகளே போதும். ஆசிரியருக்குத்தான் வேலை கூடும்: ஒவ்வொரு வருடமும் புதிது புதிதாக, நம்பும்படியாக உடைந்த ஒரு மென்பொருளை அவர் தயாரிக்க வேண்டியிருக்கும்.